மச்சின் மேல் நடப்பவர்

முன்வாசல் பஜார் ரோட்டிலும் பின்வாசல் காயல் படித்துறையிலுமாக இருந்த அந்தச் சுக்குக் கிட்டங்கியில் முப்பிடாதி ஒற்றையாகக் குடியிருந்தாள் என்றுதான் மட்டாஞ்சேரியில் எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அங்கே ஏகப்பட்ட குடித்தனங்கள் இருந்தன. தரையில் மூட்டைகளுக்கு நடுவே எலிகள். சுவரின் அடியில், செம்பாறைக் கல் பெயர்ந்த பொந்தில், அந்த எலிகளைத் தின்றே கொழுத்துப்போன ஒரு சாரைப்பாம்பு. ஓட்டுக்கூரையின் ஒரு முனையில் வவ்வால்கள், மறு முனையில் வெள்ளை முகத்துக் கூகை. வள்ளம் வந்து மூட்டை இறக்காத நேரம் பார்த்து நீர்நாய்கள் படித்துறையில் ஏறும். மீனைக் கடித்துத் தின்றுவிட்டு முள்ளையும் தலையையும் படியிலேயே போட்டுவிட்டுப் போகும்.

ஒன்றின் இடத்துக்கு ஒன்று வராது. ஒன்றின் நேரத்தில் ஒன்று நடமாடாது. வவ்வால்கள் கிளம்பிப் போன பிறகுதான் கூகை கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். வெயில் ஏறிய பிறகுதான் சாரை வெளியே வந்து கல்லின் மேல் கிடக்கும். சத்தத்தை வைத்தே எது யார் என்று முப்பிடாதி சொல்லிவிடுவாள். அவற்றில் எதற்கும் அவள் பயந்ததில்லை. அவள் பயந்ததும், பயந்துகொண்டே காத்திருந்ததும், மச்சின் மேல் நடப்பவர் ஒருவருக்குத்தான்.

அவள் கரிசல்காட்டுப் பெண். கோவில்பட்டிக்குத் தெற்கே, பருத்தியும் கம்பும் விளைகிற மண். கண்ணுக்கு எட்டிய தூரம் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கல்யாணமான மறு வருஷம் அழகர் அவளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தான். மழையையும் மரத்தையும் அவள் கண் நிறையப் பார்த்தது இங்கேதான். அழகருக்கு அரிசிக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிற வேலை. பிரியாணிக்குப் போடுகிற சீரகசாலை அரிசி அவன் தோளில்தான் இறங்கும். அவன் தலைத்துண்டை உதறினால் அறை முழுக்க அப்போதுதான் சோறு வடித்த மாதிரி மணக்கும். குளித்து வந்தாலும் அந்த மணம் போகாது. "உங்கள வடிச்சு இலையில போட்டா ஊரே சாப்பிடும்" என்று அவள் கேலி செய்வாள். அவளுக்குச் சுக்குக் கிட்டங்கியில் வேலை. முறத்தில் புடைத்து, தூசி போக்கி, பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒரு பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு மூச்சு இல்லை. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இடக்கொச்சிக்குப் போய் ரெண்டு மடக்குக் கள்ளு குடிச்சிட்டு வந்துருதேன்" என்று சொல்லிப் போனவன் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் காற்று சுழன்று அடித்தது. இடக்கொச்சிப் பக்கம் காயலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு உடல்கள் கிடைத்தன. இரண்டும் அழகர் இல்லை. வள்ளத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முப்பிடாதி நாலு நாள் படித்துறை படித்துறையாக நடந்து தண்ணீரைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் மாயம்மாள் ஒரு சேதியோடு வந்தாள். மாயம்மாள் முப்பிடாதி இருந்த அதே வரிசை வீட்டில் குடியிருந்தவள், அதே கிட்டங்கியில் சுக்கு புடைப்பவள். மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஏட்டி, நான் சொல்லுதேன்னு கோவப்படாத. லாரி ஓட்டுற பய ஒருத்தன் பாத்தானாம். களமசேரில, கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல, தகரம் போட்ட சாயாக்கடையில. நம்ம அழகர் மாதிரியே இருந்தானாம். பக்கத்துல ஒரு பொம்பளையாம்."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான். அவன் என்ன ஜாதகமா கேட்டான்?"

அழகரின் கூட்டாளி செல்லதுரை பக்கத்தில் நின்றான். சொந்தம் இல்லை என்றாலும் அவளை மைனி என்றுதான் கூப்பிடுவான். "நான் போய்ப் பாத்துட்டு வரட்டா மைனி?" என்றான்.

"வேண்டாம்" என்றாள்.

ஏன் வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். செத்தவர் என்றால் அழலாம், அழுது முடிக்கலாம். ஓடிப்போனவர் என்றால் என்ன செய்வது? எதைக் குறை கண்டு ஓடினார் என்று ஆயுள் முழுக்கத் தன்னையே புரட்டிப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அவர் செத்திருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்படுகிற மனசை நினைத்துப் பயமாகவும் இருந்தது. கழுத்தில் தாலி கிடந்தது. அதைத் தொட்டுக் கும்பிடுவதா, கழற்றுவதா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

வரிசை வீட்டில் எல்லோருடைய கண்ணும் அவள் மேலேயே இருந்தது. அவள் அங்கிருந்து கிளம்பினாள். கிட்டங்கி மேஸ்திரி ராசப்பன் பின்பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். மேலே பலகை அடித்த மச்சு, மூலையில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது, அதற்கும் மேலே ஓடு.

"மழைக்கு ஒழுகும், கேட்டோ. அதான் ஆரும் நிக்கிறதில்ல. பெருக்கித் துடைச்சு, சாவியும் நோக்கிக்கோ. தனியா இருக்கப் பேடி இல்லியே?"

"எனக்கென்ன பயம் சேட்டா."

அந்த வாரம்தான் பக்கத்து மனையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் பாழடைந்து கிடந்த பழைய பங்களா ஒன்றை இடித்தார்கள். அதைச் சுற்றி நின்ற பலா, சூண்டப்பனை, நாவல் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். பகல் முழுக்க மரம் விழுகிற சத்தம். மரம் விழுந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விளக்கு வைக்கிற நேரத்தில், முப்பிடாதியின் தலைக்கு மேலே பலகையில் யாரோ நடந்தார்கள்.

எலி அல்ல. எலி ஓடும். இது நடந்தது. நாலு எட்டு வைத்து, நின்று, யோசித்து, மறுபடி நடந்தது. ஒரு மூலையில் போய் உடம்பைச் சாய்த்துக்கொள்கிற மாதிரி பலகை முனகியது. முப்பிடாதி கையில் அரிக்கேன் விளக்கோடு அப்படியே நின்றாள். அப்போது மச்சின் இடுக்கு வழியாக ஒரு மணம் இறங்கி வந்தது. புதுசாக வடித்த சீரகசாலைச் சோற்றின் மணம்.

சுற்றுவட்டாரத்தில் எங்கும் உலை வைத்திருக்கவில்லை. அவள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மாயம்மாளிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஒங்க ஊர்ல இந்த மாதிரிக்கு என்ன செய்வாக?"

"அவுகளுக்குப் பிடிச்சத வச்சுக் கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவோம். சாப்பிடும்போது பாக்கக்கூடாது. அப்புறம் போய்ப் பாத்தா, தொட்டிருந்தா தெரியும்."

"அது செத்தவனுக்கு. உசுரோட இருக்கவனுக்குப் படையல் வச்சா அவனுக்கு ஆகாதுட்டி."

"தெரியும்க்கா. அதான் வைக்கப்போறேன். தொடலைன்னா இருக்காருன்னு அர்த்தம். தொட்டா…"

ஆனாலும் அந்த வருஷம் அவளுக்குத் தைரியம் வரவில்லை. மறு வருஷம் ஆடி அமாவாசை வந்தது. கர்க்கிடக வாவு என்று ஊரெல்லாம் செத்தவர்களுக்குப் பலிச்சோறு போடுவதற்காக ஆலுவா ஆற்றங்கரைக்குப் பஸ் பஸ்ஸாகப் போனார்கள். ராசப்பனும் அவருடைய அப்பாவுக்காகப் போனார். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்ற முப்பிடாதி செல்லதுரையைக் கூப்பிட்டு, "இடக்கொச்சிக் கள்ளு ஒரு குப்பி வாங்கிட்டு வா தம்பி" என்றாள்.

வாழை இலையில் சோறு, மீன் குழம்பு, வெற்றிலை, இரண்டு பாளையங்கோடன் பழம், ஒரு வெண்கலத் தம்ளர் நிறையக் கள். சூரியன் காயலுக்குள் இறங்குகிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் படித்துறையில் போய் உட்கார்ந்தாள். மாயம்மாளும் கூட உட்கார்ந்தாள். உள்ளே தம்ளர் உருளுகிற சத்தம் கேட்டது. மாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தபோது தம்ளர் காலியாகக் கிடந்தது. பழம் இரண்டும் இல்லை. சோற்றில் கை வைத்த மாதிரி ஒரு பக்கம் குழிந்திருந்தது. அறை முழுக்க அந்த மணம்.

முப்பிடாதி சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். அழுகைக்கு நடுவே, "என்ன விட்டுட்டுப் போகலக்கா, அவுக என்ன விட்டுட்டுப் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாயம்மாளுக்கு அவள் அழுகிறாளா சந்தோஷப்படுகிறாளா என்று புரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் அதே படித்துறையில் மாயம்மாள்தான் அவள் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி வாங்கினாள். செல்லதுரை தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு முப்பிடாதியின் நாட்கள் ஒரு வழியில் ஓடின. பகலில் சுக்கு, பொழுது சாய்ந்தால் மச்சு. அமாவாசைக்கு அமாவாசை செல்லதுரை கள்ளுக் குப்பியைக் கொண்டுவந்து வாசலில் வைப்பான். அவள் படையல் போட்டுக் கதவைச் சாத்துவாள். தம்ளரில் ஒருநாளும் மிச்சம் இருந்ததில்லை. வேலை செய்துகொண்டே மேலே பார்த்துப் பேசுவாள். "இன்னைக்கு ரொம்ப நடக்காதீக, தூசி விழுது." "கூகையை ஏன் விரட்டினீக, பாவம், அது வந்தா எலி குறையும்." மச்சுக்கு அவர் வந்த பிறகு கூகை முனை மாறி வவ்வால்கள் பக்கம் போய்விட்டிருந்தது. எலிகளும் மேலே ஏறுவதை விட்டிருந்தன. அதை அவள் கவனித்திருந்தாள். ஆள் வந்தால் அப்படித்தானே ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

சில மாதங்களில் மேலே சண்டை நடக்கும். ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி காலடிகள், தொண்டையிலிருந்து வருகிற உறுமல், பூனையும் குழந்தையும் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு கத்தல். அப்போதெல்லாம் அவள் விளக்கைத் தூண்டிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். என்ன கோபம், யார் மேல் கோபம் என்று தெரியாது. உப்புக்கல்லைத் தலையைச் சுற்றிக் காயலில் போடுவாள்.

ஒரு முறை, மழைக்காலம் முடிகிற சமயம், பெரிய காலடியோடு சின்னக் காலடிகளும் கேட்டன. தட்டுத் தடுமாறி, பலகையில் விழுந்து எழுந்து ஓடுகிற பிஞ்சுக் கால்கள். முப்பிடாதி கையிலிருந்த முறம் நழுவியது. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளையை அவர் போன இடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். அந்த அமாவாசைக்குக் கள்ளோடு ஒரு கிண்ணத்தில் பாலும் வைத்தாள். பாலும் காலியானது. இதை மாயம்மாளிடம்கூட அவள் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், அதே மாதிரி சின்னக் கால்கள் மறுபடி கேட்கத் தொடங்கிய சமயத்தில், கப்பலுக்குப் போகவேண்டிய சுக்கு மூட்டைகள் திரும்பி வந்தன. மூட்டைகளின் மேல் கொட்டையும் விதையுமாக ஏதோ மிருகத்தின் எச்சம். முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். ராசப்பன் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். பட்டப்பகலில் ஏணி வைத்து இரண்டு ஓடுகளை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"மரப்பட்டி! மேல சுகமா குடித்தனம் நடத்துது. குட்டியும் உண்டு. பக்கத்து மரமெல்லாம் வெட்டினாங்கள்ல, அப்ப கேறி வந்திருக்கும்."

முப்பிடாதி பெருக்கிக்கொண்டிருந்தாள். "அது வேற ஏதாவது இருக்கும் சேட்டா. மேல மரப்பட்டி எல்லாம் இல்ல."

"நான் கண்டதில்லியா பெண்ணே? நீ எந்தா, வக்கீலா?"

அன்று சாயங்காலம் மரச்சட்டத்தில் கம்பி அடித்த கூடு ஒன்றில் பழுத்த பழத்தைக் கட்டி மச்சுக்கு ஏற்றி வைத்தார். மேலே தடால் என்று பலகைக் கதவு விழுந்தது. பிறகு விடியும்வரை கம்பியைப் பிறாண்டுகிற சத்தம். முப்பிடாதி காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

காலையில் கூட்டை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். சுக்கு புடைக்கிற பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். கருஞ்சாம்பல் நிறம், பூனையை விட நீளம், முகத்தில் மை பூசின மாதிரி கறுப்பு, உடம்பளவுக்கு ஒரு வால். மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. வயிற்றில் பால் கட்டியிருந்தது.

மூட்டை ஏற்ற வந்த செல்லதுரை கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தான். அவன் உடன்குடிப் பக்கம், பனங்காட்டுக்காரன்.

"அட, மரநாயில்லா! எங்க ஊர்ல பனையேறிக இத வையாத வசவு கிடையாது. ராவோட ராவா மரத்துல ஏறி, கலயத்துக்குள்ள தலையவிட்டு, கள்ளு அம்புட்டையும் குடிச்சிட்டுல்லா போயிரும்! கள்ளுன்னா இதுக்கு அப்படி ஒரு…"

அவன் பேச்சு பாதியில் நின்றது. மாயம்மாளைப் பார்த்தான். மாயம்மாள் முப்பிடாதியைப் பார்த்தாள். செல்லதுரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மைனி, நான் சும்மா ஊர்ப் பேச்சு…" என்றான்.

முப்பிடாதி கூட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியில் முகத்தை வைத்தாள். அதன் உடம்பிலிருந்து வடித்த சோற்றின் மணம் அவள் முகத்தில் அடித்தது. ஆறு வருஷமாக எந்த மணத்தை நினைத்துத் தூங்கினாளோ அதே மணம். அந்த மிருகம் பல்லைக் காட்டிச் சீறியது. அவள் நகரவில்லை.

"நாளைக்குக் கள்ளு ஷாப்புல இருந்து ஆள் வரும்" என்று ராசப்பன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "கறிக்கு நல்லதுன்னு கேட்டு வாங்குவாங்க."

அவள் எழுந்தாள். சாவியை மாயம்மாள் கையில் கொடுத்தாள்.

"எங்கட்டி?"

"களமசேரிக்கு."

எறணாகுளத்தில் இறங்கி ஆலுவா பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஒரே ஒரு நினைப்புதான். கள்ளைக் குடித்தது மரநாய் என்றால் அவர் குடிக்கவில்லை. அவர் குடிக்கவில்லை என்றால், தான் போட்ட கணக்குப்படியே அவர் உயிரோடு இருக்கிறார். வெறும் கழுத்தோடு ஐந்து வருஷம் திரிந்தது ஒரு மிருகத்தின் சொல்லை நம்பி. அதே சமயம், அந்தக் கடை இருக்கக்கூடாது, இருந்தாலும் அங்கே வேறு எவனோ இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட சாயாக்கடை இருந்தது. ஷிப்டு முடிந்த ஆட்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அழகர் சாயா ஆற்றிக்கொண்டிருந்தான்.

தொப்பை விழுந்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. மற்றபடி அவனேதான். தலையைச் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கி, உயரத்திலிருந்து ஊற்றுகிற சாயாவைப் பார்க்கிற அந்தப் பார்வை வேறு யாருக்கும் கிடையாது. அவன் நிமிர்ந்தான். சாயா தம்ளருக்கு வெளியே ஊற்றியது. அவன் கண் அவள் முகத்தில் நின்றது. பிறகு பொட்டில்லாத நெற்றிக்குப் போனது, வெறும் கழுத்துக்கு இறங்கியது. தன்னைச் செத்தவனாக வைத்துவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்த கணத்தை முப்பிடாதி பார்த்தாள். அவன் முகத்திலிருந்த பயம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது நிம்மதி.

"அக்காவுக்குச் சாயாவா? உக்காருங்க" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று வந்து அவன் வேட்டியைப் பிடித்தது. "அச்சா, பால் தீர்ந்நு." உள்ளே ஒரு பெண் வடை போட்டுக்கொண்டிருந்தாள், அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அவன் தம்ளரைக் கொண்டுவந்து வைக்கக் குனிந்தான். முப்பிடாதி மூச்சை உள்ளே இழுத்தாள். பால் தீய்ந்த வாடை, பீடி, மண்ணெண்ணெய். வேறு ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சிக்கு ஊரு எது?" என்று கேட்டாள்.

"கோயம்புத்தூர்ப் பக்கம்க்கா."

"எங்க வீட்டுக்காரர் ஜாடை தெரிஞ்சுது. அதான் கேட்டேன்."

அவன் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "அவரு…?"

"காயல்ல போயிட்டாரு. வள்ளம் கவுந்து."

"பாவம்" என்றான். "போன இடத்துல நல்லா இருக்கட்டும்."

"இருக்காரு" என்றாள்.

சாயாவை முழுக்கக் குடித்தாள். எழுந்து வரும்போது அவன் அவளைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினாள். கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அந்தக் குழந்தை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் செய்யவில்லையா, அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துக் கை செத்துப் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கு ஊசிப்போன சோறு வைத்தால் முகம் சுளிக்கிறவன், பிரசவத்தில் அவள் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து அழுதவன், அரிசி மணக்கிறவன். அவனை அந்தக் கடையில் எங்கே தேடியும் அவள் காணவில்லை. அங்கே சாயா ஆற்றினவனைவிட மச்சின் மேல் நடந்தது எவ்வளவோ அழகராக இருந்தது.

மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வேலைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். முற்றத்தில் கூடு அப்படியே இருந்தது. மேலே மச்சில் குட்டிகள் கீச் கீச்சென்று கத்துவது வாசல்வரை கேட்டது. குரல் வறண்டு போயிருந்தது. காலையிலிருந்து கத்தியிருக்க வேண்டும். கூட்டுக்குள் இருந்தது ஒவ்வொரு கத்தலுக்கும் காதை நிமிர்த்தி, கம்பியைக் கடித்தது. கடைவாயில் இரத்தம் வழிந்திருந்தது.

முப்பிடாதி பலகைக் கதவைத் தூக்கிப் பிடித்தாள்.

அது உடனே வரவில்லை. அவளைப் பார்த்தபடியே கிடந்தது. அவள் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். பிறகு அது வயிற்றைத் தரையோடு இழுத்து வெளியே வந்தது. சுவர் மூலையைப் பிடித்து ஏறி, ஓட்டின் இடுக்கில் நுழைந்தது. வால் கடைசியாக உள்ளே போனது. குட்டிகளின் சத்தம் அடங்கியது.

காலையில் ராசப்பன் காலிக் கூட்டைக் காலால் புரட்டினார்.

"ஆரு தொறந்தது இத?"

"நான்தான் சேட்டா."

"நினக்கு என்ன, தலைக்கு வட்டோ? முதலாளி கேட்டா நான் எந்து சொல்லும்?"

"குட்டி கிடந்து கத்துச்சு. அதுக வளர்ந்ததும் நானே ஓட்டு இடுக்க அடைச்சு விரட்டிடுறேன். அதுவரைக்கும் மூட்டைக்கு மேல படுதா கட்டுறேன். ஒரு மூட்டை கெட்டாலும் என்ன அனுப்பிடுங்க."

ராசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டு. இப்பவே கட்டு. நின்னு பேசாத" என்று சொல்லிவிட்டுப் படித்துறைப் பக்கம் போனார்.

படுதாவின் மறுமுனையைப் பிடிக்க மாயம்மாள் வந்தாள்.

"போனியே. பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரு?"

"வேற ஆளுக்கா."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"பக்கத்துல உக்காந்து சாயா குடிச்சேன். வேற ஆளுதான்."

மாயம்மாள் பெருமூச்சு விட்டாள். "என் கையால தாலி வாங்கிட்டேனே, எங்கிட்டாவது இருந்து தொலைச்சா அந்தப் பாவம் எனக்குல்லா வரும்னு ராத்திரி முழுக்க உறக்கமே இல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே பலகை முனகியது. பெரிய காலடி ஒன்று நாலு எட்டு நடந்து நின்றது. பின்னாலேயே சின்னக் கால்கள் தட்டுத் தடுமாறி ஓடின. மாயம்மாள் திடுக்கிட்டுக் கயிற்றை விட்டுவிட்டு மேலே பார்த்தாள்.

"மரநாய்தான்க்கா" என்றாள் முப்பிடாதி. மேலே இருப்பவர் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதுபோல், அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.